சட்டசபை வரை போன எங்கள் கூரை

ஆசிரியருக்கு வணக்கம். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். விராலிமலை ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். அதனால் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சித்திரை மாதம். அன்னவாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஒரு கூடம், ஒரு சின்ன அடுப்படி, அவ்வளவுதான் வீடு. நான் சிறுவனாக இருந்தபோது கட்டியது. மேல்தளத்துச் சிமெண்டு பெயர்ந்து பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். கூரையில் எலும்பு தெரிகிறது என்பாள் என் அக்கா.

அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அவள்தான். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டில்தான் அவளுக்கு உலகம். ஆனால் வாய் மட்டும் ஓயாது. ஜன்னலோரம் கிடந்தபடியே தெருவில் போகிற எல்லாரையும் வம்புக்கு இழுப்பாள். மாதம் ஒரு முறை பிரஷர் மாத்திரை கொண்டுவந்து, கை கால் பயிற்சி கொடுக்கிற நர்ஸம்மா, மேலே பார்த்துப் பார்த்துத்தான் வேலை செய்வார். அவர் சொன்ன பிறகுதான் நான் சவுக்குக் கம்பு வாங்கி, பலகை வைத்து, அக்கா கட்டிலைச் சுற்றித் தளத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

"என்னடா, எனக்குப் பந்தல் போட்டுட்ட. மாப்பிள்ளை எப்ப வாராரு?" என்றாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் தொகுதி உறுப்பினர், இந்த வீடுகளைப் பற்றிச் சட்டசபையில் கேட்கப்போவதாகச் செய்தி வந்தது. சபையை நேரில் பார்க்க ஊரிலிருந்து ஒரு வேன் போனது. காலனியிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு வேலை. நான் முடியாது என்றுதான் சொன்னேன். அக்கா விடவில்லை. நீ பேசவா போற, சும்மா உக்காந்து பாத்துட்டு வா என்று அனுப்பிவைத்தாள்.

சென்னையில் கோட்டைக்குள் போகும்போதே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மேலே பார்வையாளர் இடத்தில் கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்கள். தோள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். கேள்வி நேரம் நடந்தது. ஓர் ஊருக்கு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு, இன்னோர் ஊருக்கு முதியோர் பென்ஷன் என்று ஒவ்வொருவராக எழுந்து கேட்க, அமைச்சர்கள் எழுந்து பதில் சொன்னார்கள். எல்லாம் எங்களைப்போன்றவர்களின் கஷ்டம்தான். ஆனால் அங்கே கேட்கும்போது வேறு யாருடையதோ போல இருந்தது.

பிறகு எங்கள் ஊர்ப் பெயர் மைக்கில் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வீடுகள் ஆய்வு செய்யப்பட்டு, தேவையான நடவடிக்கை எடுக்கப்படும் என்று அமைச்சர் சொன்னார். எங்கள் உறுப்பினர் இன்னொரு கேள்வி கேட்டார். யாரோ இடையில் ஒரு வேடிக்கை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது. எழுந்து நின்று, ஐயா, அதற்குக் கீழே எங்கள் அக்கா படுத்திருக்கிறாள் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். துண்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்கு வந்தால் காலனியே எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. அமைச்சர் சொன்னதை என் வாயால் கேட்டு, வெடி போட்டுக் கொண்டாடினார்கள். அக்காவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "அம்புட்டுப் பேரும் ஏசி ரூம்புல உக்காந்து எங்க வீட்டு ஓட்டையைப் பேசுனாங்களாக்கும்" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

மறுநாளே ஒரு பேச்சுக் கிளம்பியது. ஆய்வு செய்ய ஆபீசர் வரப்போகிறார். பக்கத்து ஊரில் வந்தபோது, பூசி வெள்ளையடித்திருந்த வீட்டை எல்லாம் நல்ல வீடு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்களாம். அதனால் காலனியில் யாரும் விரிசலைப் பூசக் கூடாது, மேலே போட்ட தார்ப்பாயை எடுத்துவிடவேண்டும் என்று முடிவாயிற்று. எதிர்வீட்டு மாமா எங்கள் வீட்டுக்குள் வந்து முட்டுக் கம்புகளைப் பார்த்தார்.

"மாப்ள, இதை இப்புடி வச்சிருந்தா பத்திரமாத்தான் இருக்காங்கன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. யோசிச்சுக்கங்க" என்றார்.

எனக்கு மனது வரவில்லை. முட்டுக் கம்புகளை எடுத்தால் கட்டிலை அடுப்படிப் பக்கம் நகர்த்திவிடலாம் என்றேன். அதற்கும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"நகத்திட்டா அவங்க வெறுந்தளத்தைத்தான பாப்பாங்க? அதுக்குக் கீழ ஒரு ஆளு கெடக்குறதைப் பாத்தாத்தான்டா வேலை நடக்கும்" என்றாள். "இத்தனை வருசமா விழாதது, ஆபீசர் வாரவரைக்கும் இருக்காதா?"

கடைசியில் ஒரு வழி செய்தோம். ஆபீசர் பகலில்தான் வருவார். அதனால் காலையில் முட்டுக் கம்புகளை எடுத்துக் கொல்லையில் சாத்திவைப்பேன். கடையை அடைத்துவிட்டு வந்ததும் திரும்ப முட்டுக் கொடுப்பேன். எங்கள் காலனியில் பல வீட்டில் இப்படித்தான் நடந்தது. காலையில் தார்ப்பாயை இறக்குவார்கள், பொழுது சாய்ந்தால் ஏற்றுவார்கள். ஜீப் சத்தம் கேட்டால் எல்லாரும் வாசலுக்கு வருவோம். அது வேறு எங்கோ போகிற ஜீப்பாக இருக்கும்.

வைகாசியில் ஒரு நாள் ராத்திரி நல்ல கோடை மழை. காலையில் விட்டுவிட்டது. தளம் ஈரம் சொதசொதவென்று இருந்தது. இன்றைக்கு ஒரு நாள் முட்டு இருக்கட்டும் என்றேன். மழைக்கு மறுநாள்தான் பார்க்க வருவார்கள் என்றாள் அக்கா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். என் மனைவி நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள். அக்காவுக்கு டீ போட்டு, சூடாகக் குடிக்க மாட்டாள் என்பதால், அடுப்படியில் நின்று ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது கூடம் முழுவதும் தூசி. ஜன்னல் தெரியவில்லை. கட்டில் தெரியவில்லை.

மாமாவும் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். எல்லாரும் சேர்ந்து இடிந்ததைக் கையாலேயே அள்ளி எடுத்தோம். அக்காவுக்கு உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரே ஒருமுறை கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டாங்களா?" என்றாள்.

வந்துட்டாங்க அக்கா, வாசல்ல நிக்கிறாங்க என்றேன். தலையை லேசாக ஆட்டினாள். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்னால் போய்விட்டாள்.

மறுநாள் ஆபீசர்கள் வந்தார்கள். ஜீப் ஒன்றல்ல, வரிசையாக வந்து நின்றன. அளந்தார்கள், படம் எடுத்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் மட்டும் கொல்லைப் பக்கம் வந்து, சாத்தியிருந்த கம்புகளைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன். இன்னும் எத்தனையோ ஊர் பாக்கி இருந்தது தம்பி, வரிசையில் உங்கள் ஊரும் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. தினமும் எடுத்து எடுத்து வைத்ததிலேயே தளம் இளகியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயர் மறுபடியும் சட்டசபையில் வந்ததாம். நான் போகவில்லை. ஒரு வருடத்துக்குள் காலனி முழுக்கப் புதுத் தளம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. மழை பெய்தால் ஒரு சொட்டு இறங்குவதில்லை. எதிர்வீட்டு மாமா மட்டும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவார். வாங்க மாமா என்று கூப்பிட எனக்கும் வாய் வருவதில்லை.

அந்தச் சவுக்குக் கம்புகள் இன்னும் கொல்லையில்தான் சாத்தியிருக்கின்றன. விறகுக்கு எடுக்க என் மனைவிக்குக் கை வரவில்லை. டிவியில் சட்டசபை ஓடும்போது, கவனிக்கப்படும், ஆய்வு செய்யப்படும் என்று யாராவது சொன்னால், என் கண் தானாக மேலே தளத்துக்குப் போகும். எங்கள் கஷ்டம் பிறர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக, தளத்தைத் தாங்கி நின்ற கம்பை நாங்களே எடுத்தோம். அக்கா காட்ட நினைத்ததைக் காட்டிவிட்டாள். அதைப் பார்க்க வந்தவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு மனுஷி விழுந்துதான் ஒரு கூரை கண்ணுக்குத் தெரியவேண்டுமா என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

எழுதி முடித்தது, வைகாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை.