ஞானம் அக்காவின் குவாட்டர்பேக்

கனடாக்காரர் ஃபுட்போல் என்று சொல்லும் விளையாட்டைப் பற்றி எனக்கு இரண்டே விடயங்கள்தான் தெரியும். பந்து உருண்டையாக இருக்காது. விளையாடுகிற நேரத்தைவிட நின்றுகொண்டிருக்கிற நேரம்தான் அதிகம். இதைச் சொன்னால் என் கணவர் ரதீசனுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். வரட்டும். ஞானம் அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

ஞானாம்பிகை என்பது முழுப்பெயர். மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். நானும் அவரும் ஒரே கார்டறியில், அதுதான் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், மத்தியானச் சாப்பாடு சமைக்கும் குசினியில் வேலை செய்கிறோம். அவருடைய கணவர் ஆனந்தராசா அண்ணை எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சுக்காரர்களோடு இருந்து இருந்து இந்த விளையாட்டு அவருக்குத் தொற்றிக்கொண்டது. எங்கள் ஆட்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் ஹொக்கியும் பார்ப்பார்கள். அவருக்கு இரண்டும் சரிவரவில்லை.

"ஹொக்கியில நாங்கள் வாயைத் திறக்க முதல் அடுத்த கோல் விழுந்திடும். இது நிண்டு நிண்டு போற விளையாட்டு. ஆறுதலா இருந்து சண்டை பிடிக்கலாம்" என்பார்.

சண்டை பிடிக்க ஆள் வேண்டுமே. மூன்று பேரைப் பிடித்தார். கூட வேலை செய்த இரவிச்சந்திரன் அண்ணை, அவர்தான் எல்லோரிலும் மூத்தவர். பஸ் ஓட்டும் அன்டன். கடைசியாக என் வீட்டுக்காரர். மொன்றியல் அணி விளையாடும் நாட்களில் நாலு பேரும் ஆனந்தராசா அண்ணையின் பேஸ்மென்றில் இறங்கினால் மேலே கூரை அதிரும். முக்கால்வாசிச் சண்டை குவாட்டர்பேக்கைப் பற்றியது. பந்தை வாங்கி, தன்மேல் பாய்ந்து வருகிறவர்களுக்கு நடுவில் நின்று, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவர்தான் குவாட்டர்பேக். வென்றால் அவர் கடவுள். தோற்றால் அவர் எருமை மாடு.

ஞானம் அக்கா முதலில் ரோல்ஸ் பொரித்துக் கொடுக்கிறவராகத்தான் இருந்தார். பல வருடங்களுக்கு முன் ஒருநாள், தட்டோடு படியில் நின்றவர் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, "உவன் எறிஞ்சதில பிழையில்லை" என்றார். ஓடியவன்தான் திரும்பவேண்டிய பக்கம் திரும்பவில்லையாம். நாலு பேரும் சேர்ந்து பாய்ந்தார்கள்.

"அக்கா, தெரியாட்டி சும்மா இருங்கோ!" என்று அன்டன் கத்தினார்.

வேறு யாராவது என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போயிருப்பார்கள். ஞானம் அக்கா தட்டை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து திருப்பிக் கத்தினார். அன்றைக்கு அவர் சொன்னது முழுப் பிழை. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தபின்னும் சண்டை முடியவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு இரவிச்சந்திரன் அண்ணை தானாகவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரும் தங்கச்சி, இண்டைக்கு என்ன பிழை பிடிக்கப் போறீர்?" என்று கேட்டாராம்.

அந்தக் கதிரை அவருக்கு என்னவாக இருந்தது என்பதை விளங்கப்படுத்த வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களில் பெண்கள் மேசையில் என்ன கதை நடக்கும்? மகன் எந்தப் பல்கலைக்கழகம், மகளுக்கு எங்கே கலியாணம் பேசுகிறீர்கள், பேரப்பிள்ளை எத்தனை கிலோ. அந்த மேசையில் அக்கா சிரித்துக்கொண்டே இருப்பார், சாப்பிட்டு முடிப்பார், வீட்டுக்குப் போவார். ஒருநாள் குசினியில் என்னிடம் சொன்னார்:

"ஆரும் என்னட்டை ஒண்டு கேட்டாத்தானே வித்தியா, நான் சொல்லுறது பிழை எண்டு சொல்லுறதுக்கு. அந்தப் பேஸ்மென்றிலதான் எனக்கு முதன்முதலாப் பிழை எண்டு சொன்னவை."

அதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த பெருமையை, பிள்ளை டொக்டரான தாய்மாரிடம்கூட நான் கண்டதில்லை.

அந்த வீட்டின் தீராத வழக்கு கல்வீயோவா, பிறேடியா என்பது. கல்வீயோ மொன்றியலுக்கு ஆடியவர். கனடா ஆட்டத்தில் அவரளவுக்குத் தூரம் எறிந்தவர் இல்லையாம். பிறேடி அமெரிக்க ஆட்டக்காரர், அங்கே ஏழு தரம் கிண்ணம் வென்றவர். ஆனந்தராசா அண்ணை பிறேடி பக்கம். "எட்டுத்தரம் கடைசி ஆட்டத்துக்குப் போய் அஞ்சுதரம் தோத்தவனை வைச்சுக் கும்பிடுறியள்" என்று கல்வீயோவை இழுப்பார். அக்காவும் அன்டனும் கல்வீயோ பக்கம். புருசனும் பெண்சாதியும் அந்த ஒரு விடயத்தில் கிட்டத்தட்ட இருபது வருடம் முகத்துக்கு முகம் நின்றார்கள். சோறு போடும்போதும் நின்றார்கள். அதுதான் அவர்களுடைய கொஞ்சல் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கோடை தொடங்கும்போது சீசனும் தொடங்கும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி, எந்த அணி எந்த இடத்தில் வரும் என்று ஆளாளுக்குச் சாத்திரம் சொல்ல வேண்டும். மிக மோசமாகப் பிழைத்தவர் ரொறொன்ரோ அணியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். மொன்றியலில் அதைவிட மானக்கேடு இல்லை. ஞானம் அக்கா ஒருமுறை பட்டுச்சேலையோடு அந்தத் தொப்பியைப் போட்டு மூலைக்கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். பின்னால் நாலு ஆம்பிளைகள் கைதட்டிக்கொண்டு போனார்கள்.

போன வருடம் மார்ச் மாதத்தில் ஆனந்தராசா அண்ணை தூக்கத்திலேயே போய்விட்டார். செத்தவீடு, அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் மூன்று பேரும் தோள் கொடுத்து நின்றார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அன்டன் ஒரு கிழமை லீவு போட்டு ஓடித் திரிந்தார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் அக்கா எனக்குப் போன் எடுத்தார். "ரோல்ஸுக்கு எல்லாம் சுத்தி வைச்சிட்டன். எத்தினை மணிக்கு வருகினம் எண்டு ஒருக்கா ரதீசனைக் கேளும்" என்றார். குரலில் இரண்டு மாதமாகக் கேட்காத ஒரு தெம்பு. நான் ரதீசனைக் கேட்டேன். அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"உமக்கென்ன விசரே? ஆட்டைத் திவசம் முடியேல்லை. அந்த வீட்டில போய் நாங்கள் கத்திறதே? அன்டன்ர கராஜில வைச்சிருக்கிறம்."

"அக்கா பாத்துக்கொண்டிருக்கிறா."

"புருசன் போன வீட்டில மூண்டு ஆம்பிளையள் பியரும் கையுமா இருந்தா சனம் என்ன கதைக்கும்? அக்காவுக்குத்தானே கெட்ட பேர். எல்லாம் முடியட்டும், பேந்து பாப்பம்."

மரியாதை! இவர்களுடைய மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கார் போய்விட்டது. பிறகு நான்தான் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. திவசம் முடியட்டும் என்று நினைக்கிறார்கள் அக்கா என்றேன். "ஓம், அதுவும் சரிதானே" என்றார். "எனக்குத்தான் மண்டைக்குள்ள போகேல்லை."

ஒரு வருடம் அவர் பேஸ்மென்றில் தனியாக இருந்து எல்லா ஆட்டங்களையும் பார்த்தார். அடுத்தநாள் குசினியில் கரட் வெட்டிக்கொண்டே எனக்கு விளக்கம் சொல்வார். எனக்கு ஒரு அறுப்பும் விளங்காது.

"உம்மோட கதைக்கிறது சுவரோட கதைக்கிற மாதிரி. திவசம் முடியட்டும், அன்டனை நான் ஒரு கை பாக்கிறன்" என்பார்.

அந்த ஒரு நினைப்பில்தான் மனுசி எழும்பி நடமாடினார். வருகிற சீசனில் யார் குவாட்டர்பேக், யாருடைய முழங்கால் தாங்காது, எந்த அணி குப்புற விழும் என்று ஒரு வருடச் சண்டையை மனதுக்குள் கட்டிச் சேர்த்துவைத்திருந்தார். நானும் நம்பினேன். திவசம் என்பது ஒரு வாசல், அதைத் தாண்டினால் பழைய வீடு திரும்பக் கிடைக்கும் என்று இரண்டு பேரும் நம்பினோம்.

திவசம் முடிந்தது. கோடையும் வந்தது. அக்கா தானே மூன்று பேருக்கும் போன் எடுத்து, "வழமை மாதிரி ஞாயிற்றுக்கிழமை வாங்கோ" என்றார். மறுக்க ஒருவருக்கும் துணிவில்லை. ரதீசன் என்னிடம், "நீரும் வாரும், ஒரு பொம்பிளை கூட இருக்கிறது நல்லம்" என்றார்.

மூன்று பேரும் அயர்ன் பண்ணின சேர்ட்டோடு வந்தார்கள். இரவிச்சந்திரன் அண்ணையின் கையில் அப்பிளும் முந்திரிகைப்பழமும். செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற அதே பை. அக்கா தெப்பனர் என்கிற மூலைக்கடைக்குத் தானே போய் பியர் வாங்கிக் குளிரவைத்திருந்தார். "ரீ போதும் அக்கா" என்றார் அன்டன். கதிரை நுனிகளில் உட்கார்ந்தார்கள். சுடுதண்ணீர் போய்லர் ஒழுங்காக வேலை செய்கிறதா, பென்சன் காசு வருகிறதா என்று விசாரித்தார்கள். நல்ல பிள்ளைகள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சரி, விடுங்கோ உந்தக் கதையளை" என்றார் அக்கா. "இந்த முறை ஆர்? அண்ணை, நீங்கள் தொடங்குங்கோ."

"நீர் சொல்லும் தங்கச்சி. நாங்கள் கேக்கிறம்."

அக்கா அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "மொன்றியல் கடைசி."

முன்பென்றால் இந்த ஒரு வார்த்தைக்கு ரோல்ஸ் பறந்திருக்கும்.

"ஓம், அப்பிடியும் நடக்கலாம்" என்றார் இரவிச்சந்திரன் அண்ணை. ரதீசன் தலையாட்டினார்.

"ரொறொன்ரோதான் கிண்ணம் எடுக்கும்."

"ம்ம். அவங்களும் பரவாயில்லை" என்றார் ரதீசன்.

அக்காவின் கைகள் மடியில் சேலைத் தலைப்பை முறுக்கின. அவர் அன்டன் பக்கம் திரும்பினார். அடுத்ததாக என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்திருந்தால் நான் அவருடைய வாயைப் பொத்தியிருப்பேன்.

"கல்வீயோ என்ன பெரிய குவாட்டர்பேக்கே? எட்டுத்தரம் போய் அஞ்சுதரம் தோத்தவன்."

ஆனந்தராசா அண்ணையின் வாதம். இருபது வருடமாகத் தான் எதிர்த்து நின்றதை, செத்த புருசனின் வாயிலிருந்து எடுத்து, தூண்டிலில் கோத்துப் போட்டார். கடிக்கமாட்டாயா அன்டன், கத்தமாட்டாயா என்று அவருடைய கண் கெஞ்சியது. அன்டனின் கழுத்து நரம்பு ஒருமுறை புடைத்ததை நான் கண்டேன். பிறகு அவர் கீழே பார்த்தார்.

"நீங்கள் சொன்னாச் சரிதான் அக்கா."

"ஏன், உங்களுக்கு வாய் இல்லையா?" என்று நான் கத்திவிட்டேன். "மறுத்துச் சொல்லுங்கோவன்!" மூன்று பேரும், செத்தவீட்டில் சிரித்தவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள்.

"விடும் வித்தியா" என்றார் அக்கா. "தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

அதற்குப் பிறகு அவர் விளையாட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அரைமணி நேரத்தில் எல்லோரும் எழும்பினார்கள். "ஏதும் தேவையெண்டா எந்த நேரமும் போன் எடுங்கோ" என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது. நான் பின்தங்கி, குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே, கார் நிற்கும் இடத்தில், சத்தம் தொடங்கியது.

"என்னடாப்பா, கல்வீயோவைப் பிடிச்சு அப்பிடிச் சொல்லுறா!" அன்டனின் குரல். "இவன் எறிஞ்சா மற்றவன் பிடிக்க வேண்டாமோ? அந்த அஞ்சிலயும் தடுக்க நிண்டவங்கள் என்ன செய்தவங்கள்?"

"அவ சொன்னதில என்ன பிழை? கடைசி ஆட்டத்தில கை நடுங்கிறவன் பெரிய ஆளே?" இது ரதீசன்.

"உனக்கு மண்டை பழுது! அண்ணை, இவனுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ!"

இரவிச்சந்திரன் அண்ணை இரண்டு பேரையும் மிஞ்சிக் கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது. ஒரு வருடமாக அக்கா காத்திருந்த சண்டை, அவர் தொடக்கிவைத்த அதே சண்டை, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொழுந்துவிட்டு எரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கதவோடு ஒட்டி நின்றார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அன்டனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கதவைத் திறந்து வெளியே ஒரு கால் வைத்தார்.

மூன்று பேரும் அப்படியே வாயை மூடிக்கொண்டார்கள். அன்டன் தூக்கிய கையை மெல்ல இறக்கினார்.

"நுளம்பு வரும் தங்கச்சி" என்றார் இரவிச்சந்திரன் அண்ணை, மிகவும் அன்பாக. "கதவைச் சாத்தும்."

அக்கா காலை உள்ளே எடுத்தார். கதவைச் சாத்தினார்.