பதினோரு மாதக் கேப்டன்

பதினேழாம் எண் பஸ்ஸின் அடியிலிருந்து முதலில் டார்ச் உருண்டு வந்தது, பிறகு கொரீன். முழங்கையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பிரேக் குழாயில் கசிவு இல்லை என்றாள். மெக்கானிக் அதையெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் அவள் சட்டைப்பையில்தான் இருந்தது. இருந்தாலும் தினமும் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியில் அவளே நுழைவாள். எது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டாள்.

சாவியை நீட்டினாள். "பதினேழு."

"பதினேழு, வாங்கிக்கிட்டேன்."

எங்கள் பள்ளிக்கூட பஸ் நிலையத்தில் சாவி ஆணியில் தொங்குவதில்லை. கொரீன் ஹாஸ்கெட்டின் கையிலிருந்து ஓட்டுநர் கைக்கு வரும். மாலையில் அதே கைக்குத் திரும்பும். வாங்குகிறவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் இதற்குச் சிரிப்பார்கள், ஒரு வாரம் போல. அவள் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வீட்டுத் தொலைபேசி எண், அதன் கீழே: தூங்கினால் எழுப்பவும்.

அது திங்கட்கிழமை. வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஓடெல் ப்ரூயிட் இறங்கினார். கம்பெனி என்கிற படைப்பிரிவின் முதல் சார்ஜெண்டை ராணுவத்தில் 'டாப்' என்று கூப்பிடுவார்கள். ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் இந்த ஊரில் அவர் டாப்தான். ஒரு காலத்தில் கொரீன் கேப்டனாக இருந்த கம்பெனியில் அவர் முதல் சார்ஜெண்ட். நான் அதில் டிரக் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சாவி கைமாறுவதை அவர் பார்த்துக்கொண்டே வந்தார். "இன்னும் கொடி மாத்தி விளையாடிக்கிட்டுத்தான் இருக்கீங்களா, மேடம்?"

"காபி இருக்கு, டாப். கிண்டலுக்குத் தனியா ஒண்ணும் கிடையாது."

அவர் காபியைத் தொடவில்லை. கம்பெனியை மூடப்போகிறார்கள் என்றார். வியாழன் காலை பத்து மணிக்கு முகாம் மைதானத்தில் கொடியைச் சுருட்டி உறையில் போடுகிறார்கள். பழைய கேப்டன்கள் எல்லோரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். மூத்தவரில் தொடங்கி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று கொடி போய், கடைசியில் உறைக்குள் இறங்கும். கம்பெனிக்கு மேலே உள்ள பட்டாலியனின் கர்னல் முன்னால் நின்று நடத்துவார். கர்னல் யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கெஸ்லர்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடம் முன்னால், வசந்தகாலப் பயிற்சியின் நான்காவது விடியல். எங்கள் டிரக்குகள் ஆற்றின் தாழ்ந்த பாலத்தைக் கடக்க வேண்டும். தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும் இடம் அது. அப்படிப்பட்ட இடத்தைக் கடக்குமுன் அபாயத் தாள் ஒன்றில் கேப்டன் கையெழுத்திட வேண்டும். கொரீன் மூன்று நாள் தூங்காமலிருந்து அப்போதுதான் படுத்திருந்தாள். லெப்டினன்ட் கெஸ்லருக்கு வயது இருபத்துநாலு. அவன் அவளை எழுப்பவில்லை. அவள் பெயரின் முதலெழுத்துகளை அவனே தாளில் போட்டான். அதற்கு முன்பும் இரண்டு தடவை போட்டிருக்கிறான். சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னை எழுப்பாதே, நீயே போட்டுக்கொள் என்று சொன்னவள் அவள்தான்.

இரவில் மேற்கே எங்கோ மழை பெய்திருந்தது. முதல் டிரக்கை நான் ஓட்டி அக்கரை சேர்ந்தேன். இரண்டாவதை ராமிரோ எஸ்பினோ ஓட்டினான். டிரக்கைப் பிற்பகலில் கண்டுபிடித்தார்கள், அவனை மறுநாள். அவனுக்குப் பத்தொன்பது வயது.

விசாரணை அதிகாரி தாளைக் காட்டி, இது யார் எழுத்து என்று கேட்டபோது கொரீன், "என்னுதுதான்" என்றாள். கெஸ்லர் பக்கத்து அறையில் முறை வருவதற்காக உட்கார்ந்திருந்தான். அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

கேப்டன் மாறும்போது கம்பெனிக் கொடி நான்கு கை மாறும். டாப் அதை எடுத்து, விலகும் கேப்டனிடம் கொடுப்பார். அவர் கர்னலிடம், கர்னல் புதியவரிடம், புதியவர் மறுபடி டாப்பிடம். வாங்கும் கை எங்கே, கொடுக்கும் கை எங்கே என்றுகூட முறை உண்டு. கொரீனுக்கு அது நடக்கவில்லை. தலைமையகத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது கதவில் அவள் பெயர்ப்பலகை இல்லை. கம்பெனி அலுவலகத் தாழ்வாரத்தில் கேப்டன்களின் படங்கள் வரிசையாக இருக்கும், கீழே தேதிகளோடு. நான்காவது படத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே பதினோரு மாதம் கணக்கில் வராது. கூட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

பதவி போனவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அவள் போகவில்லை. ஊர் எல்லையில் வாடகைக்கு வீடு பிடித்து, பஸ் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து மணிக்கு முகாமில் கொடி இறக்கும்போது எக்காளம் ஊதுவது, காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்களுக்குக் கேட்கும். சரியாக பஸ்கள் திரும்பும் நேரம். சாவி வாங்கிக்கொண்டிருக்கும் கை அப்படியே நிற்கும். ஊதி முடித்த பிறகுதான் அடுத்த சாவி. ஒரே ஒரு முறை, நான் கேட்காமலே சொன்னாள்: "அந்தக் கொடியை யார்கிட்டயாவது கொடுத்துட்டு வந்திருந்தா பொறுப்புலருந்து இறங்கின மாதிரி இருந்திருக்கும். இன்னும் எங்கிட்டருந்து யாரும் வாங்கலை."

இப்போது டாப் ஒரு கடித உறையை மேசைமேல் வைத்தார். கெஸ்லர் அடுத்த மாதம் ஓய்வுபெறுகிறார். மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார், கையெழுத்தைப் போட்டது தான்தான் என்று. அவர்களும் சரி என்றுவிட்டார்கள். கொரீனின் படம் சுவருக்குப் போகும். வியாழக்கிழமை வரிசையில் ஐந்தாவது ஆளாக அவள் நிற்கலாம். அந்த எழுத்துகள் என்னுடையவை அல்ல என்று ஒரு வரிக்குக் கீழே அவள் ஒப்பமிட்டால் போதும். புதன் மதியத்துக்குள்.

"ஒரு கையெழுத்துதான், மேடம்."

"அன்னைக்கும் அவ்வளவுதான், டாப்."

இரண்டு நாள் அந்த உறை அவள் மேசையில் கிடந்தது. செவ்வாய் மாலை நான் சாவி கொடுக்கப் போனபோது, கறுப்புக் காலணி ஒரு ஜோடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ராணுவக் காலணி. என்னைப் பார்த்ததும் மேசைக்கு அடியில் தள்ளினாள். பார்க்காததுபோல எண்ணைச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடுவாள் என்றுதான் நினைத்தேன். போட வேண்டும் என்றும் நினைத்தேன்.

புதன்கிழமை பதினொன்றரைக்கு கெஸ்லரே வந்தார். தலை நரைத்திருந்தது. கதவுத் தாளைப் படித்தார், இரண்டு தடவை படித்திருப்பார், அப்புறம்தான் உள்ளே வந்தார். என்னை வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி அவள் கை காட்டினாள். அவர் நின்றார்.

அவள் உறையைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார். வரிக்குக் கீழே காலியாக இருந்தது.

"ஏன், மேடம்?"

"நீ என்னை எழுப்பியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"எழுந்து வந்து தண்ணியைப் பார்த்திருப்பீங்க. நிறுத்தியிருப்பீங்க."

"எழுப்பாதேன்னு சொன்னது யாரு?"

அவர் தாளை மேசைமேல் வைத்தார்.

"கம்பெனியில என்ன நடந்தாலும், நடக்காம விட்டுப்போனாலும், அது கேப்டனோடது. உனக்கும் முதல் வாரத்துல சொல்லிக்கொடுத்திருப்பாங்க. இதுல நான் போட்டா, அன்னைக்குக் காலையில நான் கேப்டன் இல்லேன்னு ஆயிடும். நான் இருந்ததே பதினோரு மாசம், கெஸ்லர். அதுல ஒரு நாளைக்கூட உனக்குத் தரமாட்டேன்."

"போடாட்டி உங்க பேரைப் படிக்கமாட்டாங்க. வரிசையிலயும் நிக்க முடியாது. எனக்கு வேற வழி கொடுக்கல."

"தெரியும்."

"பதினெட்டு வருஷமா நான் சரியாத் தூங்கலை, மேடம்."

"அதுக்கு டாக்டரைப் பாரு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உன் தப்பை நீ சொல்லிக்கோ. அதை நான் தடுக்கல. என்னுதை எடுத்துக்காதே, அவ்வளவுதான்."

அவர் நிமிர்ந்து சல்யூட் வைத்தார். கர்னல் கேப்டனுக்கு முதலில் வைப்பது முறையில்லை. அவள் திருப்பி வைக்கவில்லை. தலையை அசைத்தாள்.

வியாழன் காலை பஸ்கள் போய்த் திரும்பியதும் என் காரில் போனோம். காலில் அந்தக் கறுப்புக் காலணி. வரிசைக்குள் போகமாட்டோம் என்று தெரிந்தும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பொதுமக்கள் நிற்கும் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். டாப் எங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

கெஸ்லர் அச்சடித்த தாளைப் பார்த்துப் பேசினார். ஆற்றில் போன ராமிரோ எஸ்பினோ என்று பெயரைச் சொன்னார். பிறகு தாளை மடித்து, அதில் இல்லாத ஒன்றைச் சொன்னார். அன்று காலை என் கேப்டனை நான் எழுப்பியிருக்க வேண்டும், எழுப்பவில்லை. கேப்டனின் பெயரைச் சொல்லவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

வந்திருந்த கேப்டன்கள் ஏழு பேர். யார் எங்கே நிற்பது என்று தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தார்கள். முதல் ஆள், இரண்டாவது, மூன்றாவது என்று கொடி வந்தது. நான்காவது ஆள் வாங்கி இடப்பக்கம் திரும்பி நீட்டினார். அங்கே யாரும் இல்லை. ஒரு டேப் துண்டு மட்டும் இருந்தது. நீட்டிய கையோடு ஒரு நொடி நின்றுவிட்டு, இரண்டு எட்டு வைத்து அடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தார்.

நான் கொரீனைப் பார்த்தேன். கைகளைக் கோட்டுப்பையிலிருந்து வெளியே எடுத்திருந்தாள். வலது கை மேலே, இடது கை கீழே, நடுவில் ஒரு கொடிக்கம்பின் அகலம். கொடி உறைக்குள் போகும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

"ஒரு டேப்பை எடுக்க மறந்துட்டாங்க போல," என்றார் டாப்.

"ஒட்டினது யாரு?"

"பசங்களுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணினேன்."

"நீங்க எதையும் மறந்து நான் பார்த்ததில்லை, டாப்."



மறுநாள் வெள்ளிக்கிழமை. குளிர் அதிகம். இரண்டு பஸ்கள் கிளம்பவில்லை, மெக்கானிக் பேட்டரி மாற்றினார். கொரீன் ஆறாம் எண் பஸ்ஸின் அடியில் நுழைந்து வந்தாள். ஒன்பதாம் எண்ணின் புதிய ஓட்டுநர், ஆற்றில் தண்ணீர் கணுக்கால்கூட இல்லை, தாழ்ந்த பாலம் வழியாகப் போனால் இருபது நிமிடம் மிச்சம் என்றான். வேண்டாம் என்றாள். ஒன்பது சுற்றுவழியில் போனது. முப்பத்தெட்டு பிள்ளைகள். மதியம் பள்ளியில் சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போட்டார்கள், எங்களுக்கும் ஒரு தட்டு வந்தது. ஐந்து மணிக்கு முகாமில் ஊதினார்கள். மாலை முப்பத்தொரு சாவியும் திரும்பி வந்தன.