புளியங்கிளைக்குள் ஒளிந்த நாய்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் சாலையெங்கும் மறியலுக்காக மரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரியில், யாராவது வளர்க்கக் கேட்பார்கள் என்று வைத்திருந்த கூச்சமான தெருநாயை, நான் வளர்க்கிறேன் என்று வாங்கி, பெரிய வீரனைப்போலக் கயிற்றால் இழுத்து வந்தேன். அது கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு ஓடி, சாலையில் கிடந்த புளியமரக் கிளைகளுக்குள் புகுந்தது. அதற்குள் சாலையைச் சீர்செய்ய வந்தவர்கள் அந்த மரத்தை இழுத்து அப்புறப்படுத்த லாரியோடு சங்கிலி மாட்டிவிட்டார்கள்.

"நிறுத்துங்க, உள்ள நாய் இருக்குது!" என்று கத்தினேன்.

"அஞ்சு நிமிசம்தான், சீக்கிரம் இட்டாந்துடு" என்றார் டிரைவர்.

குனிந்து கூப்பிடக் கூப்பிட அது இன்னும் உள்ளே போனது. பின்னால் ஓடிவந்த ஆஸ்பத்திரி ஆயம்மா, "இன்னா சார், மூஞ்சிய காட்டி பயமுறுத்திக்கினு இருக்கீங்க? திரும்பி குந்துங்க" என்றார்.

என் கல்யாண போட்டோவிலேயே கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லப்பட்டவன் நான். உடனே முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். லாரி உறுமியது. கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் முழங்கையில் ஈரமூக்கு பட்டது.

இப்போதெல்லாம் பயந்த நாயிடம் கயிற்றை நீட்டுவதில்லை. திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். வருவதும் வராததும் அதன் விருப்பம்.