மாலை போட்ட பொக்லைன்

ஒரு மழை நாளில் டிராம் நிலையத்து வாசலில் என் செருப்பு அறுந்துபோனது. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த தமயந்தி தன் செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள்.

"போட்டுக்கிட்டுப் போங்கக்கா. எனக்கு உள்ளே இன்னொண்ணு இருக்கு."

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறுங்காலோடு பெருக்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்று என்று எதுவும் இல்லை.

நான் டாக்குரியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். தமயந்தியின் மாமனார் துறைமுக வேலைக்காகச் சேலத்திலிருந்து வந்தவர். புருஷன் பன்னீர்செல்வம் டிராம் தண்டவாளம் பழுதுபார்த்தவர். அவர் இறந்த பிறகு பெருக்குகிற வேலையும், நிலையத்தின் பின்னால் ஒரு தகரக்கூரை அறையும் இவளுக்குக் கிடைத்தன. ஒரு காலத்தில் விடியுமுன்னே அங்கே டிராம் மணி கேட்கும், மீன் கூடைகளோடு பெண்கள் ஏறுவார்கள். வண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் மின்சாரத்தை நிறுத்தி, தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றிவிட்டார்கள். இடம் ஒரு காண்டிராக்டர் கைக்குப் போனது.

போக்கிடம் இல்லாத தமயந்தி அலிப்பூர் கோர்ட்டில் கேஸ் போட்டாள்.

"விசாரணை அன்னிக்கு அறை நின்னா தடை வாங்கிடலாம். இடிச்சுட்டா ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் வக்கீல் பட்டாபிராமன்.

அன்றிலிருந்து அவள் வாசலை விட்டு நகரவில்லை. காய்கறிகூட நான்தான் வாங்கிப் போனேன். ஆட்டோக்காரர்கள் போகிற போக்கில், "என்ன மாசி, கடைசி டிராமுக்கா உட்கார்ந்திருக்கே? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கத்துவார்கள். மாசி என்றால் வங்காளியில் சித்தி.

விசாரணைக்கு முதல் நாள் விஸ்வகர்மா பூஜை. நம் ஆயுத பூஜை மாதிரிதான். அன்று இங்கே மெஷின்களைக் கும்பிடுவார்கள், ஓட்டமாட்டார்கள். காண்டிராக்டரின் ஆள் தீபக், இடிக்கிற பொக்லைனைக் கழுவி அவள் வாசலுக்கு எதிரேயே நிறுத்தியிருந்தான். சாமி நாளில் பகை எதற்கு என்று தமயந்தி அதற்குச் சாமந்தி மாலை கட்டிப் போட்டாள். பொட்டும் வைத்தாள். அந்த நேரம் வக்கீல் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். அவள் தயங்கினாள்.

"போயிட்டு வா மாசி, இன்னிக்கு மெஷினுக்கே லீவு" என்று தீபக் சிரித்துக்கொண்டே பிரசாத லட்டு கொடுத்தான். நானும் துணைக்குப் போனேன்.

திரும்பும்போது மொட்டைமாடிகளில் எல்லாம் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அறையின் கூரை தரையில் கிடந்தது. கடைசிச் சுவரைப் பொக்லைன் தள்ளியது. "போ-காட்டா!" என்று மாடிகளிலிருந்து ஒரே கூச்சல். பட்டம் அறுந்தால் போடுகிற கூச்சலைச் சுவருக்குப் போட்டார்கள். சாமந்தி மாலை அந்த இரும்புக் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

 தமயந்தி தீபக்கிடம் போய் நின்றாள்.

"பூஜை போட்ட மெஷின் போணி பண்ணாம இருக்கலாமா மாசி?" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாமியும் அங்கேதானே இருந்திருக்கும். அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை.

மறுநாள் கோர்ட்டில், அறை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கேஸ் முடிந்தது.

வேறு வழியில்லாமல் கரக்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டில் ஒண்டிக்கொள்ளக் கிளம்பினாள். ஹவுரா ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"பொட்டு வைக்கும்போது, நல்லா ஓடணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா. நல்லாத்தான் ஓடிச்சு."