மூன்றரை நிமிஷ மௌனம்

பாட்காஸ்ட் என்பது, யாரோ கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் முதலாகப் போட்டுப் பேசுகிற தொழில். மைக் வாங்கி மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் பேரிங் பரிசோதிக்கிறேன். எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்துக்கு நடுவே, வாயைத் திறக்காமல், அளந்து அளந்து டப்பாவில் போடுகிற வேலை. விருதுநகர் பக்கம் வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கத்து மனிதர்களைப் பிடித்து, அவரவர் வேலையைப் பற்றிப் பேச வைத்து, பதிவு செய்து இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். மொத்தம் பத்து எபிசோடு. பத்தாவது வெளிவந்த ஒரு வாரத்துக்குள், முன்பின் தெரியாத ஒருத்தர் தானாக வந்து "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களும் கூட வேலை செய்கிறவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். யாரும் சொல்லாவிட்டால் மைக் பரணுக்குப் போய்விடும். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை அவர்தான் வைத்துக்கொண்டிருந்தார். நானும் வீராப்பாக ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் பயம்தான். வாரத்தில் நான் நானாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

முதல் விளக்கம்

சூளகிரியில் எங்கள் ஹவுஸ் ஓனர் முனிரத்னம்மாவுக்குத்தான் முதலில் பாட்காஸ்டை விளக்கினேன். "ரேடியோ மாதிரிதான் அக்கா. ஆனா நீங்க நினைச்ச நேரத்துல கேட்கலாம். பாதியில நிறுத்தி, சோறு ஆக்கிட்டு வந்து மீதியக் கேட்கலாம். பஸ்ஸுல போகும்போது கேட்கலாம், பாத்திரம் கழுவும்போது கேட்கலாம்" என்று பயன்களை அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, படம் வருமா என்றார். வராது, பேச்சு மட்டும்தான் என்றேன்.

பிறகு சொன்னார்: "போன மாசம் எங்கூட்டு டிவி ரிப்பேர் ஆச்சே, அப்ப அப்பிடித்தான் வந்துச்சி."

ஸ்டுடியோ

எங்கள் வீடு பெங்களூர் ஹைவேயை ஒட்டி இருக்கிறது. நான் "வணக்கம்" என்றால் ஒரு லாரி ஹார்ன் அடித்துப் பதில் வணக்கம் சொல்லும். எனவே பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவேன். கேட்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பது இந்தத் தொழிலின் பெரிய பயன். வியர்வை சொட்டச் சொட்ட, குளுகுளுவென்று பேசலாம்.

கறிவேப்பிலை கொடுக்க வந்த முனிரத்னம்மா அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய் வாசலில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்: "ஏம்ப்பா, உன் பொண்டாட்டி கம்பளியப் போத்திக்கினு தனியா சிரிச்சினு இருக்குது. டாக்டராண்ட காட்டினியா?"

மேடைப் பேச்சாளர்

ரோஜாத் தோட்டக்காரர் வெங்கடேசப்பா பேச ஆரம்பித்தால் தெலுங்கில் தொடங்கி, கன்னடத்தில் மழையைத் திட்டி, தமிழில் முடிப்பார். அதைக் கேட்டுத்தான் ஆசைப்பட்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். மைக்கை நீட்டியதுதான் தாமதம். மனிதர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்து, விழாக் குழுவினருக்கு நன்றி சொல்லி, விவசாயம் நாட்டின் முதுகெலும்பு என்று இருபது நிமிஷம் பேசினார். ரோஜா என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.

மைக்கைப் பைக்குள் வைத்துவிட்டு, காபி குடித்தபடி பூச்சி மருந்தைப் பற்றிச் சும்மா விசாரித்தேன். மூன்று மொழியும் கொட்ட ஆரம்பித்தது. அவரிடமே கேட்டுக்கொண்டு செல்போனை ஓரமாக வைத்துப் பதிவு செய்தேன். முடிந்ததும் அவருக்கு என் மேல் வருத்தம்: "முன்னாடியே சொல்றதில்லையாம்மா? மேடை இல்லன்னு தெரிஞ்சிருந்தா நான் உண்மையையே பேசியிருப்பேனே."

சந்தையில் சத்தம் தேடி

ஒன்பதாவது எபிசோடிலாவது பெயர் வாங்கிவிட வேண்டும் என்று, வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்குப் போனேன். பேரம் என்றால் சத்தம், சத்தம் என்றால் பாட்காஸ்ட் என்பது என் கணக்கு. தரகர் மாதப்பண்ணன் கறவை மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டி, பால் கணக்கு சொல்லி, அமர்க்களப்படுத்தினார். மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனேன். விலை பேசும் கட்டம் வந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் கைமேலும் வாங்குகிறவர் கைமேலும் போட்டார். அவ்வளவுதான். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பிடித்துப் பேரம் நடக்கிறது. பிடிக்கிற விரலில் இருக்கிறது விலை. வெளியே ஒரு சொல் கிடையாது. மாட்டின் கழுத்து மணியும், யாரோ இருமியதும், ஒரு கன்றுக்குட்டி கத்தியதும்தான் எனக்குக் கிடைத்தன.

மூன்றரை நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, "அண்ணா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணா" என்றேன். மாதப்பண்ணன் கையை எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்: "ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னா அது ஏலம்மா, பேரம் இல்ல."

வீட்டில் வந்த விமர்சனம்

அந்த மூன்றரை நிமிஷத்தை வெட்டி எறிந்து, ஒழுங்கு செய்து, திருப்தியாக இணையத்தில் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஏற்றியது வெட்டாத பதிவு என்று. அதற்குள் வாரம் முழுக்க டே ஷிஃப்ட், ஓவர்டைம். எடுத்துவிட்டுத் திரும்பப் போட நேரமில்லை. ஒரு வானொலிக்காரருக்கு இது நடந்தால் வேலை போய்விடும் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினார். "மாலா, கல்யாணம் ஆகி ஆறு வருசத்துல நீ தொடர்ந்து மூணரை நிமிசம் பேசாம இருந்தத இப்பத்தான் கேக்கேன்."

கடைசி சனிக்கிழமை

பத்தாவது எபிசோடும் போய் ஆறு நாள் ஆகிவிட்டது. ஒருத்தரும் வரவில்லை. மறுநாள் மைக் பரண் ஏற வேண்டும். பரணில் இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது. அன்று பார்த்து கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில் ஏறினேன். எதிரே வேறு கம்பெனி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டியிருந்தார்கள். இருவர் கையும் ஒரு துப்பட்டாவுக்குள் இருந்தது. ஒருத்தி எதையோ அழுத்துகிறாள், மற்றவள் தலையை ஆட்டி மறுக்கிறாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

கண்டக்டர் வந்தார். "சூளகிரி ஒண்ணு குடுங்கண்ணே" என்றேன். அழுத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று இயர்போனைக் கழற்றினாள். "அக்கா, மாட்டுச் சந்தையில பேசாம இருந்தது நீங்கதானே? இந்தக் குரல்தான்" என்றாள். நான்தான் என்றேன். அவளே மேலே சொன்னாள்: "மொதல்ல போன் போச்சுன்னு தட்டினோம்க்கா. அப்புறம் மாட்டு மணி கேட்டுச்சி. துண்டுக்குள்ள விரல்ல பேரம் பேசறாங்கன்னு கடைசில நீங்களே சொன்னீங்க. சரி, உள்ள இன்னாதான் நடக்குதுன்னு திரும்பக் கண்ண மூடிக்கினு கேட்டோம். நாலு தடவ கேட்டாச்சி. எங்க லைன்ல மெஷின் சத்தத்துல பேசினா ஒண்ணும் கேக்காது. இப்ப எங்களுக்கு எல்லாம் விரல்லதான். ரெண்டு விரல் புடிச்சா டீக்குப் போலாம், கட்டை விரல்னா சூப்பர்வைசர் வராரு. இப்பகூட ஜன்னல் சீட்டுக்குத்தான் பேரம்."

உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் நம்பவில்லை. உன் கம்பெனிப் பிள்ளைதானே, சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தாயா என்று கேட்டார். அந்தப் பெண் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்: "அண்ணா, நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதுங்க."

ஆகவே சக பாவிகளே, பாட்காஸ்டினால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், பேசுவதற்காக மைக் வாங்கிய ஒருத்தி, வாயை மூடிக்கொண்டிருந்த மூன்றரை நிமிஷத்தில் ஜெயித்து, இப்போதும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை வீட்டுக்காரர் கையால் சாப்பிட்டு வருகிறாள் என்று சொல்லுங்கள்.