வருத்தம் பார்க்க வருபவர்கள்

கஜரூபன் அண்ணை ஓடத் தொடங்கியது விருப்பத்தினால் அல்ல. பத்தொன்பது வயதில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவரைத் தென் ஜெர்மனியின் மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பழைய விடுதிக் கட்டடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. பகல் முழுவதும் அறைக்குள் கிடந்து கூரையைப் பார்க்க முடியாமல், காட்டுப் பாதையில் மாவட்ட எல்லைப் பலகை வரைக்கும் ஓடுவார், அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார். சில வருடங்கள் அதுதான் அவருடைய உத்தியோகம். விசா கிடைத்த அன்று பலகையைத் தாண்டி ஓடினாராம். அந்தப் பக்கமும் அதே காடுதான் இருந்தது என்று சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு உதிரிப்பாகக் கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். அவருடைய மனைவி பிரபாலினி அக்காவுக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி விசாரிப்பதில் எங்கள் சனத்துக்கு இதுவரை அலுப்பு வந்ததில்லை. சனிக்கிழமைகளில் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று மண்டபங்களுக்குப் போகாமல் அண்ணை மலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். "இந்த வயசில ஆரடாப்பா உன்னைப் பின்னால கலைச்சுக்கொண்டு வாறது?" என்று கேட்பார்கள். "ஒருத்தரும் கலைக்கேல்லை, அதாலதான் சந்தோசமா ஓடுறன்" என்பார்.

நான் மிதுஷா. இங்கேயே பிறந்தவள், காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. எங்களோடு மூன்றாவது ஆள் சுலக்சன். சைக்கிள் திருத்தும் கடையில் வேலை செய்கிறான், ஒரு வெள்ளிக்கிழமையும் கோயிலைத் தவறவிடமாட்டான். நாங்கள் மூவரும் ஒரு அணி. நாங்கள் கலந்துகொள்ளும் தொடரில் மூன்று போட்டிகள்: கோடையில் மலைப்பாதை ஓட்டம், இலை உதிரும் காலத்தில் மலைச் சைக்கிள், பெப்ரவரியில் அல்கொய் மலையில் ஷ்னேஷூ ஓட்டம். ஷ்னேஷூ என்பது சப்பாத்துக்கு அடியில் கட்டும் அகலமான தட்டு, பனியில் கால் புதையாமல் காக்கும். மூவரும் சேர்ந்துதான் முடிவுக்கோட்டைத் தாண்ட வேண்டும், தொடர் முடியும்வரை ஆளை மாற்ற முடியாது. இதுதான் விதி. ஏற்றங்களில் அண்ணை முன்னால் போவார். அவருடைய இடுப்புப் பட்டியிலிருந்து என்னுடைய பட்டிக்கு ஒரு இறப்பர் கயிறு கொழுவியிருக்கும். எல்லா அணிகளும் செய்வதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. மலைகளைப் பார்த்ததைவிட அண்ணையின் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன கோடை ஓட்டத்தில் அவர் தடக்கி விழுந்தார். வேர் என்று நினைத்தோம். பிறகு வேரே இல்லாத இடத்திலும் விழுந்தார். செப்டம்பரில் சைக்கிள் போட்டியில், ஒரு குழந்தைகூட விழாத சமதரையில், வலது காலைப் பெடலில் ஏற்ற முடியாமல் அப்படியே சரிந்தார். "அண்ணை, கண்ணாடி போடுற வயசு வந்திட்டுது போல" என்று சுலக்சன் பகிடி விட்டான். அண்ணையும் சிரித்தார். நாங்கள் சேர்ந்துதான் கோட்டைத் தாண்டினோம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் சேற்றைத் தட்டிக்கொண்டு நின்றபோது சொன்னார். "எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. பேரைச் சொன்னா நீங்கள் போனில தேடுவியள். வீட்டை போய்த் தேடுங்கோ, எனக்கு முன்னால வேண்டாம்."

ஏ.எல்.எஸ். என்று அந்த நோய்க்குப் பெயர். வீட்டுக்குப் போய்த் தேடினேன். தசைகளுக்குப் போகும் நரம்புகள் மெல்ல மெல்லச் சாகும். அவருக்குக் காலில் தொடங்கியிருக்கிறது, கைக்கு வரும், தொண்டைக்கு வரும், மூச்சுக்கு வரும். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், மாற்றாது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஷ்னேஷூ போட்டி முடியும் வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. "தெரிஞ்சா வருத்தம் பாக்க வருவினம். வந்து ஆரும் என்னைக் கதிரையில இருத்தினா அதோட நான் வருத்தக்காரன்தான். அதுக்குப் பிறகு என்னை ஓடுறவன் எண்டு ஒருத்தரும் பாக்கமாட்டினம். அந்த ஒரு போட்டிய முடிப்பம்."

அவர் பயந்ததில் பிழை இல்லை. எங்கள் சனம் வருத்தம் பார்க்க வந்தால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை நடந்தபோது வீடு கொள்ளாத ஆட்கள். அப்பிள் பழமும் மால்ட் மாவும் மேசையில் மலையாகக் குவிந்தன. சுற்றி இருந்து கட்டிலையே பார்த்துக்கொண்டு, அதே வருத்தம் வந்து செத்துப்போனவர்களின் கதைகளை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் அன்புதான். அந்த அன்புக்குள் கிடந்து எழும்புவதற்கு அம்மாவுக்கு ஒரு மாதம் பிடித்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை சுலக்சன் கோயிலுக்குப் போனான். பாவம், அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். அண்ணையின் பெயரில் அர்ச்சனை செய்ய நினைத்திருக்கிறான். அர்ச்சனைக்குப் பெயர் மட்டும் போதாது, நட்சத்திரமும் வேண்டும். அண்ணையிடம் கேட்டால் திட்டுவார், அக்காவிடம் கேட்டால் அழுவார். ஆகவே கெட்டிக்காரன், வுப்பர்டாலில் இருக்கும் அண்ணையின் தமையன் மகேந்திரராஜாவுக்குப் போன் அடித்திருக்கிறான். "கஜன் அண்ணைக்கு என்ன நட்சத்திரம்?"

"அவிட்டம். ஏன் தம்பி கேக்கிறாய்? அவனுக்கு என்ன?"

கோயிலுக்குள், அம்மனுக்கு முன்னால் நின்றுகொண்டு அவனால் பொய் சொல்ல ஏலவில்லை. சொல்லிவிட்டான். வேறு எந்தச் சனத்திலாவது நட்சத்திரம் கேட்கப்போய் ஒரு மனிதனுடைய இரகசியம் இப்படி உடையுமா?

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மகேந்திரராஜா அண்ணை குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். அவர் யாருக்குச் சொன்னாரோ, அவர்கள் யாருக்குச் சொன்னார்களோ. பின்னேரம் பிரபாலினி அக்கா எனக்குப் போன் எடுத்தார். "மிது, வந்த சனத்துக்குத் தேத்தண்ணிக் கோப்பை காணாது. உங்கட வீட்டில இருந்தாக் கொண்டு வாறியே?"

கொண்டுபோனேன். வரவேற்பறையில் ஆட்கள் நெருக்கமாக இருந்தார்கள். சன்னலோரமாக அண்ணை நின்றபடி கதைத்துக்கொண்டிருந்தார். "இரு, இரு" என்று கதிரையை இழுத்துப் போட்டு எத்தனை பேர் சொல்லியும் அவர் உட்காரவில்லை. தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

குசினிக்குள் அக்கா என் கையைப் பிடித்தார். கண் சிவந்திருந்தது. அவர் ஆத்திரத்தில் இருப்பார், சுலக்சனைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் அக்கா சொன்னது வேறு. "நாலு மாசம் மிது. வேலையில சிரிச்சு, அம்மாவோட போனில சிரிச்சு... குளியலறையில தண்ணியத் திறந்துவிட்டிட்டு அழுதனான். இண்டைக்குத்தான் வுப்பர்டால் மச்சாள் என்னைக் கட்டிப்பிடிச்சவ. சத்தம் போட்டு அழுதிட்டன்." பிறகு கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். வாசல் பக்கம் திரும்பினேன். வெறும் தட்டை எடுத்துக்கொண்டு வந்த அண்ணை அங்கே நின்றார். தட்டை வைத்துவிட்டுப் போனார்.

மகேந்திரராஜா அண்ணை போட்டிக்கு விடமாட்டேன் என்று நின்றார். "வருத்தக்காரன் ஸ்னோவுக்க போறதோ? உனக்கென்ன விசரே?" கஜரூபன் அண்ணை குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு ஒருநாள் அண்ணை. பிறகு நீங்கள் சொல்ற மாதிரி இருக்கிறன்." தமையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விடியற்காலை மூவரும் புறப்பட்டோம். சுலக்சன் கார் ஓட்டினான். வழி நெடுக அவன் திட்டுக்காகக் காத்திருந்தான், அண்ணை திட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் கடுமையாக இருந்தது. இடையில் ஒருமுறை, "கடை திறந்திருக்கு, கோப்பி குடிப்பமே?" என்று மட்டும் கேட்டார்.

அல்கொய் மலையில் வானம் தாழ்ந்து கிடந்தது. ஆரம்பக் கோட்டில் எல்லாரும் கையில் ஊதிக்கொண்டு நின்றார்கள். முதல் ஏற்றத்தில் அண்ணை நன்றாகவே போனார். ஷ்னேஷூவில் எல்லாரும் தத்தித் தத்தித்தான் ஓடுவார்கள், அந்தக் கூட்டத்தில் அவருடைய கால் தனியாகத் தெரியவில்லை. எனக்குக்கூட ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை போல இருந்தது. பிறகு வலது நுனி பனியைக் குத்தத் தொடங்கியது. விழுந்தார், எழும்பினார், திரும்பவும் விழுந்தார். மற்ற அணிகள் எங்களைத் தாண்டிப் போயின. நான் கேட்காமல் முன்னால் போய் என் பட்டியிலிருந்து கயிற்றை அவருடைய பட்டியில் கொழுவினேன். அவர் தடுக்கவில்லை. சுலக்சன் பின்னாலிருந்து முதுகில் கை கொடுத்தான். அப்படியே இரண்டாவது ஏற்றத்தின் அடிவாரத்தில் அணிகளைப் பதிவு செய்யும் சோதனைக் கொட்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். விதித்த நேரம் முடிய இன்னும் மிச்சம் இருந்தது.

"இவ்வளவும் காணும், இதோட நிப்பாட்டுவம்" என்றார் அண்ணை. கயிற்றைத் தானே கழற்றினார்.

"ஏலாதே அண்ணை?" என்று கேட்டான் சுலக்சன். "நாங்கள் இழுக்கிறம். மெல்ல மெல்லப் போகலாம்."

"ஏலும். நீங்கள் இழுத்தா மேல வரைக்கும் ஏலும்." பனியில் குந்தி ஷ்னேஷூவின் பட்டியை அவிழ்க்கத் தொடங்கினார். "அங்க பிரபா தனிய நிண்டு அவ்வளவு பேருக்கும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருப்பாள். நாலு மாசமா நான் இதுக்குள்ள ஓடி ஒளிச்சுக்கொண்டிருந்தன். அவள் எங்க போறது?"

எனக்குக் கோபம் வந்தது. சுலக்சன் மேலா, சன்னல் வரைக்கும் நெருங்கி இருந்த சனத்தின் மேலா, அண்ணை மேலா என்று எனக்கே பிடிபடவில்லை. மூன்று மாதம் இந்தப் போட்டிக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு ஏற்றம். "இவ்வளவு தூரம் வந்திட்டு..." என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அழுதுவிட்டேன்.

கொட்டிலில் நின்ற பெண்ணிடம் மூன்று பேருடைய இலக்கத் துணிகளையும் அவரே கொடுத்தார். காலில் அடிபட்டுவிட்டதா என்று அவள் ஜெர்மனில் கேட்டாள். இல்லை, வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். அவள் விளங்காமல் எங்கள் மூவரையும் பார்த்தாள். பிறகு பட்டியலில் எங்கள் அணியின் பெயருக்குக் குறுக்கே கோடு கீறினாள்.

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. மாடிப்படியில் அண்ணை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர் வெளிப்படையாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கதவுக்கு வெளியே சப்பாத்துகள் படிக்கட்டு வரைக்கும் பரந்து கிடந்தன. உள்ளே ஒருவர் யாரோ செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், எங்களைக் கண்டதும் நிறுத்தினார். பிரபாலினி அக்கா குசினி வாசலுக்கு வந்து, எதிர்பார்த்ததற்கு முந்தியே திரும்பி வந்தவரைப் பார்த்தபடி நின்றார்.

அறையின் நடுவில் ஒரு கதிரையை அவருக்காக வெறுமையாக விட்டிருந்தார்கள். அண்ணை போய் அதில் இருந்தார்.