சாமி மாலையும் கொதித்த இன்ஜினும்

என் கணவரிடம் அவருடைய அப்பா காலத்துக் கார் ஒன்று இருக்கிறது. கோவையில் நடந்த பழைய கார் பிரியர்கள் சந்திப்புக்கு அதை முதன்முறையாக ஓட்டிச் சென்றோம். கிளம்பும் முன் வண்டியூர் மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டோம். கணவரின் அக்கா ஆள் உயரக் கதம்ப மாலையை மடித்துக் கட்டியதில், காரின் முன்பக்கம் முழுக்க மறைந்துபோனது.

திண்டுக்கல் தாண்டியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது.

"வெயில் அம்புட்டு அடிக்குதுல்ல, அதான்" என்றார் கணவர்.

சற்று நேரத்தில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டினோம். பதற்றத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனவரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறுங்க, கொதிதண்ணி முகத்துல அடிச்சிரும்!"

ஆறட்டும் என்று நின்றபோதுதான் மாலையைக் கவனித்தேன். ஓரத்துப் பூக்கள் வாடவே இல்லை. நடுவில் இருந்தவை வெந்து கிடந்தன. ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை மாலை அடைத்திருந்தது.

"கழட்டுங்க" என்றேன்.

"சாமி மாலைடி. போய்ச் சேர்றதுக்குள்ள கழட்டுனா அக்கா என்ன சொல்லும்?"

"மதினிகிட்ட நான் பேசிக்கிறேன்."

நானே கழற்றிப் பின் சீட்டில் வைத்தேன். தண்ணீர் ஊற்றிக் கிளப்பிய பிறகு, கோவை வரை முள் ஏறவில்லை. வழித்துணைக்கு வரச் சொல்லிச் சாமியைக் கும்பிட்டுவிட்டு, வண்டியின் மூக்கை நாங்களே பொத்தியிருக்கிறோம்.

இப்போதும் பூஜை போடாமல் கிளம்புவதில்லை. ஆனால் மாலை பின் சீட்டில்தான் வரும். மதினியே கூட வந்தாலும், அதற்கு இடம் விட்டு ஒதுங்கித்தான் உட்கார வேண்டும்.